கை அத்தை

"எனக்கு ஒரு கரண்டி, அவளுக்கு மட்டும் ரெண்டு கரண்டி சர்க்கரையா?"

கணவன் டம்ளரைக் கலக்கிக்கொண்டே சொன்னான். "பாப்பாவுக்காக வேலை முடிச்சு நேரா வர்றாங்க. காசும் வாங்க மாட்டேங்கிறாங்க. டீயாவது ருசியா இருக்கட்டுமே."

"வர்றாங்க, வாங்க மாட்டேங்கிறாங்க. எனக்கு என்னிக்காவது இந்த மரியாதை குடுத்திருக்கியா நீ?"

அவன் மரக்கடையில் பலகை சுமப்பவன். அவள் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவள். நாளெல்லாம் நின்று கால் வீங்கி வீட்டுக்கு வந்தால், அவள் பாயில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அட்டைப்பெட்டிக் கம்பெனிக்காரி. ஒரு வருஷத்துக்கு முன் கதவைத் தட்டி, "இந்த மாதிரிக் கைக்குப் பயிற்சி குடுக்கத் தெரியும்" என்று சொல்லி உள்ளே வந்தவள்.

அறையின் குறுக்கே கயிறு. அதில் வரிசையாகத் துணி கிளிப்புகள். மூன்று வயதுப் பாப்பா வலது கையால் எட்டிப் பறிக்க வேண்டும். வாரம் ஒருமுறை கயிறு ஒரு விரற்கடை மேலே போகும். பிறந்த நாளிலிருந்து ஈரத்துணியாகத் தொங்கிய கை, இப்போது தோள் உயரத்துக்கு வந்துவிட்டது.

இன்று மஞ்சள் கிளிப் எட்டவில்லை. கை தொப்பென்று விழுந்தது.

"பிரசவத்தன்னிக்கு டாக்டர் வரவே இல்ல. எவளோ ஒரு நர்ஸு தலையைப் பிடிச்சு இழுத்து நரம்பை அறுத்துட்டா. மாஸ்க்குல மூஞ்சிகூடத் தெரியல. அவ கை அழுகிப் போகட்டும்" என்றாள் தாய். தினமும் சொல்வதுதான். கம்பெனிக்காரி தலைநிமிராமல் அந்தச் சின்னத் தோளை நீவிவிட்டாள்.

கணவன் டீயை நீட்டினான். "நல்லா இருக்குண்ணே" என்றாள் அவள்.

பாப்பா அவள் மடியில் போய் விழுந்தாள். "கை அத்தை, நாளைக்குப் பறிச்சிடுவேன்."

அத்தை. அப்பன் சொல்லிக்கொடுத்த முறை. அத்தை என்று கூப்பிட வைத்துவிட்டால் அண்ணன் தங்கையாகிவிடுவார்களா? புருஷனும் போனான், பெற்ற பிள்ளையும் போயிற்று, மிச்சம் இருப்பது அந்தப் பாய்தான். அதிலும் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

அவன் பால் வாங்கக் கடைக்குக் கிளம்பும்வரை தாய் பொறுத்திருந்தாள்.

"ரெண்டு பஸ் மாறி வர்றே. பத்துக் காசு வேணாங்கிறே. யாருக்காக வர்றே?"

"பாப்பாவுக்காகத்தான்கா."

"கை விளங்காத புள்ள ஊர்ல இது ஒண்ணுதானா? நான் இஸ்திரிப் பெட்டியோட மாரடிக்கிறவதான், மக்கு இல்ல. ஒருத்தி எம் பொண்ணு கையைப் பறிச்சா. நீ எம் புருஷனைப் பறிக்க வந்திருக்கே."

கம்பெனிக்காரி டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து போய்விடுவாள் என்றுதான் தாய் நினைத்தாள். அவளோ இரண்டு கைகளையும் விரித்து நீட்டினாள்.

தன்னிடம்தான் ஏதோ கேட்கிறாள் என்று நினைத்த பாப்பா கயிற்றடிக்கு ஓடி, எக்கி, அந்த மஞ்சள் கிளிப்பைப் பறித்து வந்து உள்ளங்கையில் வைத்தாள்.

"அழுகிப் போகட்டும்னு தினமும் சொல்றீங்களே," என்றாள் அவள், "அந்தக் கை இதுதான்கா."