நாற்காலி இல்லாத கடை

"எங்க பரம்பரையில பகல்ல தூங்கினவன் ஒருத்தனும் கிடையாது, டாக்டரம்மா!"

மெத்தைக் கடை முதலாளி நின்றுகொண்டே சொன்னார். டாக்டர் காட்டிய நாற்காலியை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு கை கதவு நிலையைப் பற்றியிருந்தது.

"என் மகன் இவனைப் பாருங்க. வாங்க வந்தவங்க முன்னாடி, விக்கிற மெத்தையிலயே குறட்டை விடுறான். கடைத்தெருவே கைகொட்டிச் சிரிக்குது. கடைச் சாவியை மருமகன்கிட்ட கொடுத்துடலாம்னு இருக்கேன்."

"அன்னிக்கு அந்த மெத்தைதானேப்பா முதல்ல வித்துது?" என்றான் மகன் மெல்ல.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவர் உதட்டைக் கடித்தபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தம்பி, நீங்க சிரிச்சா என்ன ஆகுது?"

"முழங்கால் தொய்ஞ்சிடும் டாக்டர். நினைவு இருக்கும், நிக்க முடியாது. குடிச்சிருக்கேன்னு தெருவுல பேச்சு."

கதவு நிலையைப் பிடித்திருந்த பெரியவரின் விரல்கள் இறுகின.

"இது குடியும் இல்ல, சோம்பலும் இல்ல ஐயா. நம்மள முழிப்பா வச்சிருக்க மூளையில ஒண்ணு சுரக்கணும். இவருக்கு அது போதல. அதான் உட்கார்ந்தா தூக்கம். தூக்கத்துல வர வேண்டிய தளர்ச்சி, சிரிக்கும்போதே வந்துடுது. மருந்து இருக்கு, கடையைத் தாராளமா நடத்தலாம். வீட்டுல வேற யாருக்காவது இப்படி உண்டா?"

"கிடையாது!" பெரியவர் நிமிர்ந்தார். "எங்க கடையில முதலாளிக்கு நாற்காலியே போடுறதில்ல. எங்கப்பா காலத்துலேர்ந்து நின்னுதான் வியாபாரம். பல்லைக் காட்டிச் சிரிக்கிற பழக்கமும் இல்ல. அதுதான் எங்க கௌரவம்."

மகன் டாக்டரிடம் முறையிட்டான். "கேட்டுக்குங்க டாக்டர். கடை பூரா மெத்தை. முதுகு சாய்க்க இடமில்ல!"

பெரியவரின் தோள்கள் குலுங்கின. சுவர்ப் பக்கம் திரும்ப முயன்றார். இந்த முறை முடியவில்லை. இத்தனை காலம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. நிலையைப் பிடித்த கை நழுவியது. முழங்கால் மடங்கி, தாவிப் பிடித்த மகனின் மார்பில் அப்படியே சரிந்தார்.

"சாவி உனக்குத்தான்டா," என்று குழறினார். "டாக்டரம்மா... மருந்தை ரெண்டு பேருக்கும் எழுதுங்க."