அடைப்புக்குறிக்கு முன் ஓர் இடைவெளி

சாவியோவுக்கு வந்திருந்த மின்னஞ்சலை ரெஜினா மறுபடியும் படித்தாள். இன்று மாலைக்குள் பிழையைத் திருத்தி அனுப்பாவிட்டால், அவன் எழுதிய கோப்பைப் புதிய பதிப்பிலிருந்து எடுத்துவிடுவார்களாம்.

எழுதியவர் எங்கோ குளிர் நாட்டில் உட்கார்ந்திருக்கும் பொறுப்பாளர். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் ஏற்கெனவே பலமுறை கேட்டுவிட்டார்.

அவர்களுடையது புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான எடிட்டர் மென்பொருள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். டேப் பட்டனைத் தட்டினால் வரியைத் தானாகவே நகர்த்திச் சரியான இடத்தில் நிறுத்தும். எங்கே நிறுத்துவது என்று முடிவுசெய்கிற கோப்பு சாவியோவுடையது. அதன் முதல் வரியில், எழுதியவர் சாவியோ, விருத்தாசலம் என்று இருக்கும்.

கோப்பு போனால் அந்த வரியும் போய்விடும்.

பிழை என்னவோ சின்னதுதான். கூட்டலுக்கு முன்னால் பெருக்கல் என்பது ஸ்கூல் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதேபோல 'அல்லது'வுக்கு முன்னால் 'மற்றும்' என்பதைக் கணக்கில் எடுக்கவேண்டும். சாவியோ இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டான். நிபந்தனை கொஞ்சம் நீண்டு அடுத்தடுத்த வரிக்குப் போனால், அந்த வரி எதோடு சேர்ந்தது என்று தெரியாமல் எங்கேயோ போய் நின்றது.

ரெஜினா இரண்டையும் பிரித்து வைத்தாள். அது சரியானது. உடனே வேறொன்று கோணிக்கொண்டது. எண்ணுக்கு முன்னால் ஒற்றையாக நிற்கும் கழித்தல் குறியை, எதையோ கழிக்கச் சொல்கிறார்கள் என்று எடிட்டர் நினைத்துக்கொண்டது.

ஸ்கூலில் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து தினமும் இதே மல்லுக்கட்டு. கண் எரிந்தது. முதுகு விட்டுப்போயிருந்தது. மத்தியானம் போன கரண்ட் இப்போதுதான் வந்திருந்தது.

கீபோர்டில் பக்கத்து செராமிக் பட்டறைகளின் வெள்ளைப் பொடி. எத்தனை துடைத்தாலும் மறுநாள் வந்துவிடும். மானிட்டர் மேல் சூளையில் கோணிப்போன யானை பொம்மை ஒன்று. பட்டறையில் கழித்துப் போட்டதை சாவியோ பொறுக்கிக்கொண்டு வந்தது. அவன் கோடிங்கும் அந்த யானை மாதிரிதான்.

எழுதியது அவன், இதோடு மாரடிப்பது நான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒவ்வோர் அடைப்புக்குறிக்கு முன்னாலும் காரணமே இல்லாமல் ஓர் இடைவெளி விடுவான். கேட்டால், மூச்சு விட இடம் வேண்டாமா என்பான். ரெஜினாவுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். கை போன இடமெல்லாம் அழித்துக்கொண்டே வந்தாள்.

"ரெஜினா, கோயில்ல மொத மணி அடிச்சிட்டாங்கம்மா." வாசலிலிருந்து மாமியார் உபகாரமேரியின் குரல்.

"இதோ முடிஞ்சிடுச்சி அத்தை."

முடிந்துதான் விட்டது. கழித்தல் குறிக்குத் தனி இடம் கொடுத்ததும் எல்லா வரிகளும் ஒழுங்காகப் போய் நின்றன. மோடம் கத்தி முடித்து இன்டர்நெட் கிடைக்கும்வரை காத்திருந்து அனுப்பினாள். 'தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை அதிகம். சாவியோ.'

பதில் உடனே வந்தது. பாவம், காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

'நன்றி சாவியோ, சேர்த்துவிட்டேன். ஒன்று சொல்லவேண்டும். ஒரு வருடமாக உங்கள் கோடிங் எவ்வளவோ சுத்தமாகிவிட்டது. வேறு யாரோ எழுதியது போல இருக்கிறது.'

உபகாரமேரி கையில் மெழுகுவத்தியோடு அறைக்கே வந்துவிட்டார்.

"வாம்மா. வருஷ பூசை. சாவியோ பேரப் படிக்கறப்ப நாம கோயில்ல இருக்க வேணாமா?"

ஊரில் எல்லோருக்கும் தெரியும். கல்லறையில் பெயர் வெட்டியாகிவிட்டது. ரேஷன் கார்டில் அடித்தாகிவிட்டது. இந்த எடிட்டர்காரர்களுக்கு மட்டும் ரெஜினா சொல்லவில்லை. அங்கேயாவது அவன் தாமதமாகப் பதில் போடுகிற ஆளாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று, அவன் பெயரில் அவளே எழுதிக்கொண்டிருக்கிறாள்.

வேறு யாரோ என்ற இடத்துக்குக் கண் மறுபடியும் போனது. இத்தனை நாளும் அவனைத் தன் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீங்க முன்னால போங்க அத்தை. ஓடியாந்துடறேன்."

உபகாரமேரி அவள் முகத்தைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ரெஜினா கோப்பைத் திறந்தாள். முதல் அடைப்புக்குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி வைத்தாள். அடுத்ததற்கு முன்னால் இன்னொன்று.

கோயிலில் இரண்டாவது மணி அடித்தபோது பாதிதான் முடிந்திருந்தது.