கடல் பார்க்க வந்த சிறுகோள்

சூரியனைச் சுற்றிவந்த ஒரு சிறுகோளுக்குப் பூமியில் இருக்கும் கடலைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்று ரொம்ப நாள் ஆசையாம். பூமிமேல் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்ததாம்.

ஒரு சுற்றில் அதன் பாதை பூமியை ஒட்டி வந்தது. நிலா பார்த்துவிட்டது.

"எங்கே கிளம்பிட்டே?"

"சும்மா கடலைப் பார்த்துட்டுப் போயிடுறேன், அக்கா."

"இப்படிச் சொல்லிக்கிட்டு வந்தவங்கதான் என் மூஞ்சியெல்லாம் குழியாக்கி வச்சிருக்காங்க!"

அதற்குள் பூமி இழுக்க ஆரம்பித்தது. சிறுகோள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது.

விழவில்லை. பாதைதான் லேசாக வளைந்தது. கண்ணைத் திறந்தபோது கடல் தூரத்தில் நீலப் பொட்டாகத் தெரிந்தது.

"ஐயோ, பார்க்காமலே வந்துட்டேனே!"

நிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விழமாட்டேன்னுதான் தெரிஞ்சுபோச்சே. அடுத்த சுத்துக்குக் கண்ணைத் திறந்துக்கிட்டு வா."