முதுகு வலிக்காத கார்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அவன் வாங்கி வந்த நாள் முதல், அதில் ஏறினாலே முதுகு வலிக்கிறது என்றாள் மனைவி. விடுமுறை நாளெல்லாம் அவன் காருக்கு அடியிலேயே கிடந்தான். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், டயர், சீட் எல்லாவற்றையும் மாற்றினான்.

இன்று இருவரும் கிளம்பினார்கள். மேடு பள்ளம் தெரியாமல் கார் வழுக்கிக்கொண்டு போனது.

"இப்ப வலிக்குதா?"

"இல்லீங்க."

அவன் முகம் மலர்ந்தது. "உனக்கு வலிக்குமேன்னுதான் இத்தனை நாளா மெதுவா உருட்டிக்கிட்டிருந்தேன். இனிமே வளைவுல கூட வேகத்தைக் குறைக்க வேண்டாம்!"

ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான். ஸ்டியரிங்கைப் பிடித்த கைகளில் ஆறாத சிராய்ப்புகள். அவளுக்கு அவற்றைப் பார்க்கவே கூசியது.

முதல் நாள் அவன் ஓட்டிய வேகத்துக்குப் பயந்து, காரை விற்றுவிடட்டும் என்றுதான் இல்லாத வலியைச் சொல்லியிருந்தாள்.