காயாத சட்டை

கடியப்பட்டணத்துச் சூசைமரியான் கடலுக்குப் போய் ஒரு வருடமாகத் திரும்பவில்லை. அவர் சாகவில்லை என்று பிடிவாதமாக இருந்த மனைவி மெற்றில்டா, கடைசியில் ஊரார் சொல்லுக்கு இணங்கி, நினைவுப் பலகை அடிக்க நாகர்கோவில் அச்சகத்துக்கு வந்தாள்.

அங்கே பெபிஷா ஓட்டிய புதிய யூவி மெஷினில், மை விழுந்ததுமே விளக்கொளி பட்டுக் காய்ந்துவிடும். இந்தப் பலகையில் பெயரும் பூமாலையும் காய்ந்தன. சூசைமரியான் படத்தின் முகமும் சட்டையும் மட்டும் ஈரமாகவே இருந்தன. பெபிஷா வேறொரு பலகையில் அடித்தாள். அதுவும் அப்படியே. தொட்டுப் பார்த்தாள், விரலில் மை ஒட்டவில்லை, ஈரம் மட்டும் ஒட்டியது.

"நாளைக்கு வாங்க அக்கா. மெஷின்ல என்னமோ கொழப்பம்."

மெற்றில்டா சட்டையைத் தொட்டு, விரலை நாக்கில் வைத்தாள்.

"மெஷினுக்கு ஒண்ணும் இல்ல மக்கா. இது உப்புத்தண்ணி."

பெயருக்குக் கீழே இருந்த வெற்றிடத்தைக் காட்டினாள்.

"எறந்த தேதி போடாண்டாம்னு சொன்னேன் இல்லியா. போட்டிரு. அவிய கடலுக்குப் போன தேதியே போட்டிரு."

பிறகு சேலை முந்தானையால் கணவனின் முகத்தைத் துடைக்கத் தொடங்கினாள். பெபிஷா தடுக்கவில்லை. முந்தானை நனைந்து தரையில் சொட்டியது. துடைத்த இடத்தில் மறுபடி தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.