முருங்கையடி வாசல்

வெயில் தாங்காதென்று தோட்டக்காரர் தேன்பெட்டியை முருங்கையடியிலிருந்து சற்றுத் தள்ளி, கொய்யா நிழலில் வைத்தார். மறுநாள் வேலியிலிருந்த ஓணான் ஒரு விசித்திரத்தைக் கண்டது. வயிறு நிறையத் தேனோடு வந்த தேனீ ஒன்று, பெட்டி இருந்த இடத்தில் வெறும் காற்றைச் சுற்றிச் சுற்றி வந்தது.

“என்னக்கா தேடுறீங்க?”

“எங்க வீட்டு வாசலை.”

“பெட்டி அதோ, கொய்யாவுக்குக் கீழே இருக்கே!”

தேனீ எட்டிப் பார்த்தது. “எங்க வீடு மாதிரிதான் இருக்கு. வாசனைகூட எங்க வீட்டு வாசனைதான். ஆனா எங்க வீடு இங்கதானே இருக்கு?”

“இங்க ஒண்ணுமே இல்லையேக்கா!”

“வேலி வேலியாத் திரியுற உனக்கு விலாசத்தைப் பத்தி என்ன தம்பி தெரியும்?”

ஓணானின் தலை வழக்கம்போல் தானாக ஆடியது. அதைத் தேனீ சம்மதமாக எடுத்துக்கொண்டது.

அதற்குள் மேகம் கறுத்து முதல் துளி விழுந்தது. இறக்கை நனைந்து தேனீ தடுமாறியது. இன்னும் நனைந்தால் அதன் கதை முடிந்துவிடும்.

“அக்கா, மழை விடுற வரைக்குமாவது அந்த வீட்டுல ஒதுங்கக் கூடாதா?”

“விருந்தாளியாப் போனா தப்பில்லை” என்றபடி தேனீ கொய்யாவடிக்குப் பாய்ந்தது.

விடிந்ததும் தோட்டக்காரர், தேனீக்கள் புது இடத்தை நின்று கவனிக்கட்டும் என்று பெட்டி வாசலில் ஒரு வேப்பங்கொத்தைச் செருகினார். வெளியே வந்த தேனீ அதில் முட்டியது. இதென்ன புதுசாக என்று திரும்பி, வீட்டைப் பார்த்தபடியே வட்டமிட்டு மேலே எழுந்தது. மாலையில் நேராகக் கொய்யாவடிக்கே வந்து இறங்கியது.

முருங்கையடியில் காத்திருந்த ஓணானுக்கு ஆச்சரியம். “என்னக்கா, இந்தப் பக்கமே காணோம்?”

“அங்க எனக்கென்ன வேலை?” என்றது தேனீ. “நாங்க பரம்பரையா கொய்யாவடிதானே!”