மரத்துப்போன விரல்

பழுது பார்க்கும் கடையின் மேசைமேல் மதிய வெயில் சாய்ந்து கிடக்கிறது. செயற்கைச் சுவாசக் கருவியின் சர்க்யூட் பலகையில் கணினிக் கம்பியின் நான்கு ஊசிமுனைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்கிறாள் அண்ணி. பிடிக்க வேண்டிய கிளிப் உடைந்து ஒரு வாரமாகிறது. கணினியிலிருந்து சிப்பில் புது புரோகிராம் ஏறி முடியும்வரை விரல் இம்மியும் நகரக்கூடாது. காலையில் வியர்வையைத் துடைக்கக் கையை எடுத்ததில் ஒரு பலகை செத்துப்போயிற்று. மிச்சம் இது ஒன்றுதான். கருவியை வாங்கிப்போக வந்த ஆஸ்பத்திரிக்காரர் வாசல் பெஞ்சில் உட்காராமல் நிற்கிறார். திரை அண்ணிக்குத் தெரியாது. எதிரே இருக்கும் நாத்தனார்தான் படித்துச் சொல்கிறாள். “எழுபது பர்சென்ட், அண்ணி.” “அப்பவும் எழுபதுன்னுதானே சொன்னே?” “அதுவும் உங்களை மாதிரிதான், லேசுல அசைஞ்சு கொடுக்காது.” “சிரிக்க வைக்காதே, கை ஆடுது.” வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்குகிறது. அண்ணி கண்ணை மூடிக்கொள்கிறாள். மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றுகிறது. பலகையில் பச்சை விளக்கு ஒன்று சிமிட்டத் தொடங்குகிறது. “ஏறிடுச்சு அண்ணி, கையை எடுங்க.” “எடுத்துட்டேனே” என்கிறாள் அண்ணி, கண்ணைத் திறக்காமலே. விரல் இன்னும் ஊசிகளின் மேலேயே இருக்கிறது. நாத்தனார் எழுந்து வந்து அதை மெல்லப் பிரித்தெடுக்கிறாள். விரல் நுனியில் சிவப்பாக நான்கு புள்ளிகள்.